கடைசி வாங்கில் ஒரு பிள்ளை



சென்ற தவணை விடுமுறையின்போது ஒரு தாய் நம் பணிமனைக்கு வந்தார். கையில் எட்டு வயது மகன். பிள்ளை மேசையிலிருந்த பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் ஓரத்தோடு பொருந்த அடுக்கிக்கொண்டிருந்தான். தாய் கதிரையின் நுனியில் அமர்ந்து சொன்னதை அவருடைய சொற்களிலேயே தருகிறோம்.

“சுவாமி, என்ர பிள்ளைக்கு எல்லாம் விளங்கும். கொஞ்சம் பிந்தித்தான் விளங்கும். பள்ளிக்கூடத்து அதிபர் நல்ல மனுசன். ‘அம்மா, இவனுக்குப் படிப்பிக்கப் பழகின ரீச்சர் எங்களிட்டை இல்லை, வைச்சிருந்து என்ன செய்யிறது’ எண்டு கேக்கிறார். அவர் சொல்லுறதிலும் நியாயம் இருக்குத்தானே. அப்ப ஆரிலை சுவாமி பிழை?”

இந்தக் கேள்வியை அன்று நாம் சமாளித்து அனுப்பிவிட்டோம். ஆறுதல் கூறினோம், செபிப்பதாகச் சொன்னோம். ஆனால் கேள்வி போகவில்லை. இந்த வாரம் இப்பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டதாக யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் இரண்டுமல்ல என்று அக்கேள்வியையே தள்ளிவிட்டார். நம் ஊர்களில் அக்கேள்வி இன்னமும் உயிரோடு இருக்கிறது. முன்வினை என்றும், சாபம் என்றும், கர்ப்பகாலத்தில் தாய் செய்த ஏதோ ஒன்று என்றும் மூலைக்கு மூலை பேசுகிறவர்கள் கோவிலுக்கு வருகிறவர்களுள்ளும் இருக்கிறார்கள். ஆகவே முதலில் அத்தாய்க்குச் சொல்லவேண்டியது: அம்மா, உங்களில் பிழை இல்லை.

ஆனால் அத்தாய் கேட்டது சீடர்கள் கேட்ட கேள்வி அன்று. பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தான் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைக்குப் படிப்பிக்க ஆளில்லாமற் போனது யாருடைய பிழை என்றே கேட்டார். இக்கேள்வியை ஆண்டவரின் பெயரைச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்தபோது ஒரு நெறியைக் கற்றுக்கொண்டோம். முடியாத காரியத்துக்கு எவரும் கடமைப்பட்டவரல்லர் என்பது அது. நல்ல நெறி. இஃது இல்லாவிட்டால் மனச்சாட்சியுள்ள மனிதர்கள் ஒருநாளும் நித்திரை கொள்ளமாட்டார்கள். அந்த அதிபர் இந்த நெறியின் மேல்தான் நிற்கிறார். பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, இல்லாததைக் கொடுக்க முடியாது, ஆகவே பிள்ளையை ஏற்பது அவனையும் ஏமாற்றி மற்றவர்களையும் ஏமாற்றுவதாகும். நேர்மையான வாதம். பிள்ளையை ஏற்றுக் கடைசி வாங்கில் இருத்தி, ஐந்து வருடம் வெண்கட்டித் தூள் தட்டவும் தண்ணீர் அள்ளவும் விட்டு, ‘நாங்கள் யாரையும் தள்ளுவதில்லை’ என்று பரிசளிப்பு விழாவில் பேசும் பாடசாலையைவிட இவ்வதிபரை நாம் மதிக்கிறோம்.

எனினும் அதே பாடப்புத்தகத்தின் அடுத்த சில பக்கங்களில் வேறொரு பாடமும் இருந்தது. அறியாமை இருவகைப்படும். வெல்ல முடியாத அறியாமை ஒன்று, வெல்லக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னது குற்றத்தினின்று விடுவிக்கும். பின்னது விடுவிக்காது. பாம்பு மிகுந்த ஒரு வன்னிக் கிராமத்துக்குப் புதிதாக வந்த வைத்தியருக்குப் பாம்புக்கடிக்குச் செய்யவேண்டியது தெரியவில்லை என்றால், முதல் இரவில் அவர்மேல் பழி சொல்ல மாட்டோம். இரண்டு வருடம் கழித்தும் தெரியவில்லை என்றால்? அவரை அங்கே அனுப்பிய கல்லூரி, பாம்பு என்ற சொல்லையே பாடத்தில் சேர்க்கவில்லை என்றால்? அப்போதும் ‘முடியாத காரியம்’ என்று சொல்வோமா?

ஒரு பாடசாலையின் ஆயுளில் கேட்கும் திறன் குறைந்த பிள்ளை, எழுத்துகள் தலைகீழாகத் தெரிகிறது என்று அழும் பிள்ளை, ஓரிடத்தில் பத்து நிமிடம் இருக்கமுடியாத பிள்ளை, மெதுவாக வளரும் பிள்ளை வராமல் இருப்பதில்லை. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடியும் வரைக்கும், அதன் பின்னரும் சில காலம், காலிழந்தும் காது செவிடுபட்டும் வந்த பிள்ளைகளை நம் வடக்கு கிழக்கு வகுப்பறைகள் கண்டன. இவர்கள் திடீரென வானத்திலிருந்து விழுந்தவர்கள் அல்லர். வருவார்கள் என்று தெரிந்தே இருந்தது. தெரிந்தும் ஆயத்தம் செய்யாதிருப்பது வெல்லக்கூடிய அறியாமை.

சட்டத்திலும் இடைவெளி இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோரை அவர்தம் குறையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனங்களில் ஏற்க மறுப்பதைத் தடுக்கிறது. 1994 யூன் மாதத்தில் ஸ்பெயின் தேசத்தின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, பிள்ளை பாடசாலைக்கு ஏற்ப வளைவதன்றிப் பாடசாலையே பிள்ளைக்கு ஏற்ப அமையவேண்டும் என்ற கொள்கையை வெளியிட்டார்கள். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட வலுவிழந்தோர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை வெறும் சேர்ப்பதைப்பற்றி மட்டும் பேசவில்லை. சைகை மொழியும் பிரெயிலும் அறிந்த ஆசிரியர்களை, வலுவிழந்த ஆசிரியர்கள் உட்பட, நியமிக்கவும் எல்லா மட்டத்துப் பணியாளரையும் பயிற்றவும் அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. கடமை எழுதப்பட்டுவிட்டது. கைதான் இல்லை.

நம்மிற் சிலர், ‘இது அரசாங்கத்தின் விடயம், பாடசாலைகளும் பயிற்சிக் கலாசாலைகளும் நம் கையில் இல்லையே’ என்பர். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளும் அவற்றோடு ஆசிரிய பயிற்சிக் கலாசாலைகளும் அரசின் வசமாயின. அக்காலத்தில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியிருந்து எதிர்ப்புக் காட்டியதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளின் கல்வி உரிமைக்காக அவ்வளவு தைரியம் காட்டிய சமூகம் நாம். அந்தப் பாடசாலைகளுக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில் இருந்த பிள்ளைகள் எத்தனைபேர் என்று அன்று யாரும் கணக்கெடுத்ததாகக் கேள்விப்படவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் பார்வை எவ்வளவு தூரம் போயிற்று என்பதைச் சொல்கிறோம்.

ஆனால் திருச்சபையின் வரலாற்றில் வெகுதூரம் பார்த்தவர்களும் உண்டு. கத்தோலிக்கப் பத்திரிகையாளருக்குப் பாதுகாவலராக 1923இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தந்த புனித பிரான்சிஸ் சலேசியார், காதுகேளாத ஓர் இளைஞனைத் தம் இல்லத்தில் சேர்த்து, சைகைகளால் மறையறிவு புகட்டி, நற்கருணையும் அளித்தார். அதனால் காதுகேளாதோருக்கும் அவரே பாதுகாவலர். பேனா பிடிக்கிற நமக்கும் அவர்களுக்கும் ஒரே பாதுகாவலர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1712இல் வெர்சாயில் பிறந்த எப்பே என்ற குருவானவர் பாரிசில் காதுகேளாத இரட்டைச் சகோதரிகள் இருவரைச் சந்தித்தார். இவர்கள் மறையறிவின்றி இறந்துவிடுவார்களே என்ற கவலைதான் அவரை ஆசிரியராக்கியது. அவர் செய்த பெரிய காரியம், பிள்ளைகளுக்குத் தம் மொழியைத் திணிக்காமல், அவர்கள் தங்களுக்குள் பேசிய கைமொழியைத் தாம் முதலிற் கற்றது. ஆசிரியர் மாணவரிடம் பாடங்கேட்டார். அதற்குப் பின்தான் படிப்பித்தார். ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி இலவசமாகப் படிப்பித்தார். அவர் தாமாகக் கண்டுபிடித்துச் சேர்த்த சில சைகைகள் பாரமாக இருந்தன என்பதும் உண்மை. அவரும் மனிதர்தான்.

இந்த மகிமையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது கத்தோலிக்கப் பத்திரிகைக்கு இனிதாக இருக்கும். நீதியாக இராது. 1880 செப்டெம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காதுகேளாதோரின் ஆசிரியர்கள் ஒரு மாநாடு கூடினார்கள். தலைமை வகித்தவர் யூலியோ தாரா என்ற ஒரு குருவானவர். கூடியிருந்தோரில் ஓரிருவர் தவிர மற்ற எல்லோரும் காது கேட்பவர்கள். கைமொழியைத் தள்ளி வாய்ப்பேச்சால் மட்டுமே கற்பிப்பது மேல் என்று அங்கே தீர்மானித்தார்கள். அதன்பின் பல தேசங்களில் பிள்ளைகள் கையால் பேசுவது தடுக்கப்பட்டது. காதுகேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். 130 வருடம் கழித்து, 2010இல் கனடாவின் வன்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் அமர்வு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. மிலானில் கூடியவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகள் பேசவேண்டும், உலகத்தோடு கலக்கவேண்டும் என்று விரும்பியவர்கள். அவர்களிடம் அன்பு இருந்தது. அந்தப் பிள்ளைகளிடம் கேட்கும் பழக்கந்தான் இல்லை.

இதனால்தான் ‘அன்பிருந்தாற் போதும் சுவாமி, பயிற்சி எதற்கு’ என்று சொல்லும் நல்லவர்களோடு நாம் உடன்படுவதில்லை. புனித அகுஸ்தீனாருக்கு, கார்த்தேஜ் நகரத்துத் தியாக்கோன் ஒருவர், தாம் மறைபுகட்டும்போது தமக்கே சலிப்புத் தட்டுகிறதென்று முறையிட்டார். 400ஆம் ஆண்டளவில் அகுஸ்தீனார் அவருக்கு எழுதிய பதில் ஒரு சிறு நூலாகவே உள்ளது. எல்லோருக்கும் ஒரே அன்பு உரியது, ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்து உரியதன்று என்பது அதன் கருத்துகளில் ஒன்று. கேட்பவன் களைத்து நிற்கிறான் என்று கண்டால் இருக்க ஆசனம் கொடு என்பது மற்றொன்று. கல்விக்கலையில் இதைவிட எளிமையான, இதைவிட மறக்கப்பட்ட அறிவுரை இருக்குமா தெரியாது. புனித தோமஸ் அக்குவினாரும் ஒரு மனிதன் மற்றொருவனுக்குக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியை எடுத்து, ஆசிரியரை வைத்தியருக்கு ஒப்பிடுகிறார். உடலைச் சுகப்படுத்துவது உடலின் இயற்கையே, வைத்தியர் அதற்குத் துணை. அறிவை எழுப்புவது இறைவன் பிள்ளைக்குள் ஏற்றிவைத்த ஒளியே, ஆசிரியர் அதற்குத் துணை. அப்படியானால் அந்த ஒளி எந்தப் பிள்ளையில் எந்த யன்னலால் வெளிப்படுகிறது என்று பார்க்கத் தெரியாதவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும், துணை செய்யமாட்டார்.

பார்க்கத் தெரிவது பழகக்கூடியது. இங்குதான் பயிற்சி வருகிறது. அதில் பெரும்பகுதி மாயமந்திரம் அன்று. கேட்கும் திறன் குறைந்த பிள்ளை ஆசிரியரின் வாயைப் பார்த்தே பாதியை விளங்கிக்கொள்கிறது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அந்தப் பாதியும் போயிற்று. யன்னலுக்கு முதுகுகாட்டி நின்றால் முகம் இருண்டு, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பார்வை குறைந்த பிள்ளைக்கு, எழுதுவதை எழுதும்போதே வாயாற் சொல்லவேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளையை வகுப்பின் முன் எழுப்பி உரத்து வாசிக்கச் சொல்வது தண்டனை. அவனிடம் வாயாற் கேட்டால் விடை வரும். மெதுவாக விளங்கும் பிள்ளைக்கு ஐந்து கட்டளைகளை ஒரே மூச்சிற் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். நம்மிற் பலர் ஒரு கேள்வியைக் கேட்டு மூன்று எண்ணுவதற்குள் மற்றப் பிள்ளைக்குப் போய்விடுகிறோம். கவனித்துப் பாருங்கள், ஞாயிறு மறைப்பள்ளியிலும் இதுவே நடக்கிறது.

இவற்றையெல்லாம் ஒரு விரிவுரையில் கேட்டால் மறந்துபோகும். நீச்சலைக் கரும்பலகையிற் படிப்பிப்பது போலாகும். நம் நாட்டின் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பயிற்சியின் கடைசி ஆண்டைப் பயிலுனர்கள் பாடசாலைகளிலேயே கழிக்கும் ஒழுங்கு உண்டு. அந்த ஓராண்டில் ஒவ்வொரு பயிலுனரும் விசேட தேவையுள்ள ஒரு பிள்ளையையாவது உடனிருந்து கவனித்து, அந்தப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்று எழுதி, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெறவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். விசேட கல்வி, ‘அதற்கென்று’ தெரிந்தெடுத்த சிலரின் பாடமாக மட்டும் இருக்கலாகாது. கணித ஆசிரியருக்கும் அந்தப் பிள்ளை வரும். விளையாட்டு ஆசிரியருக்கும் வரும். பயிற்றுவோருள் பார்வையற்ற ஓர் ஆசிரியர், கைமொழி பேசும் ஓர் ஆசிரியர் இருப்பாராயின் பத்து விரிவுரைக்கு அது சமம். இப்போது அடிக்கடி நடப்பதோ ஒருநாட் கருத்தரங்கு: மங்கள விளக்கு, வரவேற்புரை, சிற்றுண்டி, இரண்டு பேச்சு, மதிய போசனம், சான்றிதழ். மறுநாட்காலை வகுப்பறையில் எதுவும் மாறியிராது.

ஓர் ஆட்சேபத்தை மறைக்கக்கூடாது. ‘ஒரு பிள்ளைக்கு நேரம் கொடுத்தால் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு அநியாயம் அல்லவா? புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே’ என்று கேட்கும் பெற்றோரை நாம் குறைசொல்லவில்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுப்போன ஆயனின் கதையை அவர்கள்மேல் எறிவதும் இலகு. அந்தக் கதை அவர்களுக்குத் தெரியும். நாம் சொல்லக்கூடியது இதுதான். முகத்தைக் காட்டிப் பேசி, எழுதுவதை வாயாற் சொல்லி, படிப்படியாக விளக்கி, பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியரால் நட்டப்படும் பிள்ளை எது? பயிற்சி பெறாத ஆசிரியரிடம் ஒரு பிள்ளை மற்றவர்களின் நேரத்தைத் தின்னும் என்பது மெய்யாக இருக்கலாம். பயிற்சியைப் பற்றி நாம் பேசுவதே அதனாற்றான். அதோடு, பயிற்சி பெற்றவருக்கும் நாற்பது பிள்ளை அதிகம். அதையும் மேலிடங்களுக்குச் சொல்லவேண்டும். ஆசிரியரின் முதுகில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நீதி பேசுவது நீதியன்று.

விசேட பாடசாலைகளை மூடச்சொல்கிறோம் என்றும் எவரும் எண்ணவேண்டாம். 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய, இரத்மலானையிலுள்ள காதுகேளாதோர், பார்வையற்றோர் பாடசாலையும், கைதடி நவீல்ட் பாடசாலையும், நம் கத்தோலிக்கர் நடத்தும் இராகமைப் பாடசாலையும் வேறெவரும் கதவு திறவாத காலத்தில் திறந்தவை. காதுகேளாத பிள்ளைகள் தங்கள் கைமொழியைத் தங்களையொத்தவர்களோடு பேசி வளர இடம் வேண்டும். சலமன்கா ஏடும் அதை ஒப்புக்கொண்டது. கைமொழி தெரிந்த ஒருவருமில்லாத வகுப்பில் அத்தகைய பிள்ளையை இருத்திவிட்டு அதை உட்படுத்தல் கல்வி என்று பெயரிட்டால், மிலானில் நடந்தது மறுபடியும் வேறு பெயரில் நடந்ததாகும்.

இனி நம் வீட்டு விடயம். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வியைப் பற்றிய அறிக்கையில், எல்லா மனிதருக்கும் கல்வி மறுக்கமுடியாத உரிமை என்றும், ஆசிரியப் பணிக்கு மிகக் கவனமான ஆயத்தம் வேண்டும் என்றும் கூறிற்று. திருச்சபைச் சட்டத்தின் 777ஆம் இலக்கம் உடலிலோ உள்ளத்திலோ குறையுள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கப் பங்குத் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. இதில் அரசாங்கத்தைக் காட்டித் தப்ப முடியாது. மறையாசிரியர்களும் நம்மவர், பயிற்சியும் நம் கையில்.

இதை எழுதும் நாமும் ஒருமுறை அந்த அதிபரின் இடத்தில் இருந்தோம். குருத்துவம் பெற்ற புதிதில் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். முதல் நன்மைக்கு ஆயத்தமான பிள்ளைகளைப் பரீட்சித்தோம். வாய் திருந்தாத ஒரு பையன் வந்தான். விசுவாச மந்திரம் சொல்லச் சொன்னோம். முடியவில்லை. பத்துக் கட்டளை கேட்டோம். சிரித்தான். அடுத்த வருடம் பார்ப்போம் என்று அவன் பேர்த்தியாரிடம் சொல்லி அனுப்பினோம். கிழவி ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. ‘சரி சுவாமி’ என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் சில வாரங்கள் பூசையில் அவனைக் கவனிக்க நேர்ந்தது. மற்றப் பிள்ளைகள் பின்னால் திரும்பிக் கதைத்துக்கொண்டிருக்க, எழுந்தேற்றத்தின்போது அவன் மணியடிக்குமுன்பே முழந்தாளில் நின்றான். நற்கருணை கொடுக்கும்போது கையைக் கூப்பிப் பேர்த்தியாரின் பின்னால் நடந்து வந்து, கொடுக்கப்படாது என்று தெரிந்து, ஒதுங்கி நின்றான். 1910இல் பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் முதல் நன்மைக்குக் கேட்டது பெரிய காரியம் அன்று. தன் வயதுக்கேற்ப விசுவாசத்தின் அடிப்படையை அறிந்து, நற்கருணையைச் சாதாரண அப்பத்தினின்று வேறுபடுத்தத் தெரிந்தாற் போதும். அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. அத்தனை ஆண்டு குருமடத்தில் எவரும் அதைப் படிப்பிக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தப் பேர்த்தியாரிடம் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பார். ஆகவே அது வெல்லக்கூடிய அறியாமை. அதைத் திருத்துமுன் நாம் வேறு பங்குக்கு மாற்றப்பட்டோம். பின்வந்த குருவானவர் அவனுக்கு நன்மை கொடுத்தார் என்று அறிந்தோம்.

2020இல் வெளிவந்த மறைக்கல்வி வழிகாட்டி, வலுவிழந்தோரே மறையாசிரியர்களாகவும் விளங்கக்கூடும் என்கிறது. அன்று அந்தக் கோவிலில் யார் யாருக்கு மறையாசிரியராக இருந்தார் என்பதை வாசகர்களே தீர்மானியுங்கள்.

பணிமனைக்கு வந்த தாயை நாம் மறுபடி அழைப்பித்தோம். பிழை யாரில் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு, ஒரு கொப்பிக் கடதாசியைக் கொடுத்து, பிள்ளைக்கு என்ன முடியும், எப்படிச் சொன்னால் விளங்கும், எதற்குப் பயப்படுவான், எது அவனைச் சாந்தப்படுத்தும் என்று எழுதச் சொன்னோம். இரண்டு பக்கம் எழுதினார். ‘ஒரு வேலையைச் செய்து காட்டினால் செய்வான். சத்தம் போட்டால் செய்யமாட்டான். எதையும் அடுக்கக் கொடுத்தால் அமைதியாக இருப்பான்’ என்று அதில் இருந்தது. அதிபரையும் சந்தித்தோம். புதுத் தவணையில் ஒரு மாதத்துக்கு ஏற்றுப்பார்ப்பதாகச் சொன்னார். வகுப்பாசிரியை இளம் பெண். கடதாசியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “சுவாமி, இதை ஆர் எனக்குப் பழக்குவினம்?” என்று கேட்டார். காதுகேளாதோர் பாடசாலையில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு கன்னியர் புதன்கிழமைகளில் வந்து வகுப்பில் உடனிருக்கச் சம்மதித்திருக்கிறார். மற்ற நாலு நாளுக்கு யாருமில்லை. கடதாசியை மடித்து, தினமும் கையில் எடுக்கும் இடாப்புக்குள் வைத்துக்கொண்டார் அந்த ஆசிரியை.